வேதாகமத்தில் முரண்பாடு உண்டா? பிழையின்மை விவாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சபைக்கு உள்ளேயும் வெளியேயும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. விசுவாசிகளும் கேட்கிறார்கள், விசுவாசத்தை விட்டவர்களும் கேட்கிறார்கள், மடக்குவதற்கென்றே வருபவர்களும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான். வசன எண்களைக் கொடுத்திருக்கிறேன். வேதாகமத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் நான் சொல்வதை நீங்களே சரிபார்க்கலாம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். முரண்பாடு இருக்கிறதா, இல்லையா?

இருக்கிறது.

யூதா தேசத்து அகசியா ராஜாவானபோது அவனுக்கு வயது 22 என்கிறது 2 இராஜாக்கள் 8:26. அதே அகசியாவுக்கு 42 என்கிறது 2 நாளாகமம் 22:2. இதில் எது சரி என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். அவனுடைய தகப்பன் யோராம் 32 வயதில் பட்டத்துக்கு வந்து எட்டு வருஷம் ஆண்டு செத்துப்போனான் என்று நாளாகமமே அதற்குச் சற்று முன்னால் (21:20) சொல்லிவிடுகிறது. தகப்பன் சாகும்போது 40, அடுத்துப் பட்டத்துக்கு வந்த மகனுக்கு 42! அதிலும் அகசியா இளைய மகன். மூத்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே கொல்லப்பட்டுவிட்டார்கள் என்று 22:1 சொல்கிறது.

இதை முரண்பாடு இல்லை என்று சாதிப்பவரோடு மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. ஆனால் இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு என்ன நிரூபிக்கலாம் என்பது வேறு கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் விவாதங்கள் விடிய விடிய ஓடுகின்றன.

'வேதாகமத்தில் பிழையே இல்லை' என்பவர்கள் இதைக் கவனிக்கவில்லையா?

நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். அந்தக் கோட்பாட்டைத் தெருமுனைப் பேச்சாளர் சொல்லும் வடிவத்தில் கேட்பதும், அதை வகுத்தவர்கள் எழுதிவைத்த வடிவத்தில் படிப்பதும் ஒன்றல்ல.

1978 அக்டோபரில் சிகாகோ நகரில் கூடிய, வேத அதிகாரத்தை வலியுறுத்தும் புராட்டஸ்டன்ட் பிரிவினரான இவாஞ்சலிக்கல் அறிஞர்கள் பிழையின்மை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 19 பிரிவுகள் கொண்ட அந்தச் சிகாகோ அறிக்கைதான் இன்றுவரை இந்தத் தரப்பின் அடிப்படை ஆவணம். அதன் பத்தாவது பிரிவு, தேவ ஏவுதல் என்பது முதன்முதலில் எழுதப்பட்ட மூலப் பிரதிக்கு மட்டுமே கண்டிப்பாகப் பொருந்தும் என்கிறது. ஆக, அகசியாவின் 42 அவர்களுக்கு ஒரு சிக்கலே இல்லை. பிற்காலத்தில் பிரதி எடுத்தவர் கைதவறி எழுதியது என்று போய்விடுவார்கள்.

பதின்மூன்றாவது பிரிவு இன்னும் தாராளம். முழு எண்ணாக்கிச் சொல்வது, மிகைப்படுத்திச் சொல்வது, கண்ணுக்குத் தெரிகிறபடி இயற்கையை விவரிப்பது, ஒரே சம்பவத்தை இரண்டு பேர் வெவ்வேறு தகவல்களோடு சொல்வது, பழைய வசனத்தை ஏறக்குறைய மேற்கோள் காட்டுவது, இலக்கணப் பிசகு, எதுவுமே பிழைக் கணக்கில் வராது என்று அது பட்டியல் போடுகிறது. சாலொமோன் செய்த வெண்கலக் கடல்தொட்டிக்குக் குறுக்களவு பத்து முழம், சுற்றளவு முப்பது முழம் என்று 1 இராஜாக்கள் 7:23 சொல்வதை எடுத்து 'பை மூன்று ஆகுமா?' என்று கேட்பவர்களுக்கு அங்கேயே பதில் இருக்கிறது. உண்மையிலேயே அது நல்ல பதில்தான். தச்சு வேலை அளவைச் சொல்பவனிடம் தசமபுள்ளி கேட்பது நியாயமில்லை.

இத்தனை விலக்கு கொடுத்தால் பிறகு எதைத்தான் பிழை என்பார்கள்?

இந்த விவாதத்தின் உயிர்நாடி இதுதான். எழுத்தாளர் எதை உண்மையென்று நிலைநாட்ட விரும்பினாரோ அதில் பொய் இருந்தால் மட்டுமே பிழை என்பது அவர்கள் வரையறை. அவர் எதை நிலைநாட்ட விரும்பினார் என்று முடிவு செய்வது யார்? வாசிப்பவர்தான். சங்கடமான ஓர் இடம் வந்தால் 'அவர் அதை நிலைநாட்ட விரும்பவில்லை' என்று சொல்லிவிடலாம். அதையும் மீறி வந்தால் 'மூலப் பிரதியில் அப்படி இருந்திருக்காது' எனலாம். மூலப் பிரதி ஒன்றுகூட இன்று யாரிடமும் இல்லை. ஆக, எந்த ஆதாரத்தாலும் அசைக்க முடியாத கோட்பாடாக அது ஆகிவிடுகிறது. அவர்கள் இதை பலம் என்று நினைக்கிறார்கள். என் பார்வையில் அதுதான் அதன் பலவீனம்.

எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் இதே நம்பிக்கையா?

இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, நம் மீட்புக்காகக் கடவுள் எழுதவைக்க விரும்பிய உண்மையை விவிலியம் தவறின்றிக் கற்பிக்கிறது என்கிறது. 'மீட்புக்காக' என்ற அந்த வரையறைக்குள் அகசியாவின் வயது வருமா வராதா என்பது அவர்களுக்குள்ளேயே இன்னும் பேசப்படுகிறது. பழைய புராட்டஸ்டன்ட் சபைகள் பலவற்றில், விசுவாசத்துக்கும் நடத்தைக்கும் வேதம் போதுமானது, நம்பத்தகுந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இது ஆதி முதல் இருந்த நம்பிக்கையா, 19ஆம் நூற்றாண்டில் கிளம்பியதா?

இரண்டும் பாதி உண்மை. வேதத்தில் பொய் இல்லை என்பது மிகப் பழைய நம்பிக்கை. 405ஆம் ஆண்டு வாக்கில் வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில் ஆயர் அகஸ்டின் அதைத் தெளிவாகவே சொல்கிறார். உண்மைக்கு மாறாக ஏதாவது தென்பட்டால் ஒன்று ஏட்டில் தவறு, அல்லது மொழிபெயர்த்தவர் புரிந்துகொள்ளவில்லை, அல்லது எனக்கு விளங்கவில்லை. இந்த மூன்றுக்கு மேல் நான்காவதாக ஒன்று அவருக்குத் தோன்றவேயில்லை.

ஆனால் அவருக்கு இரு நூற்றாண்டு முன்னால் வாழ்ந்த வேத அறிஞர் ஓரிகன் வேறு மாதிரி. சூரியனும் சந்திரனும் நட்சத்திரங்களும் இல்லாமல் முதலாம் நாளும் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும், சாயங்காலமும் விடியற்காலமும் உண்டானதென்று புத்தியுள்ள எவன் நம்புவான் என்று கேட்டவர் அவர். நடக்காதவையும் நடந்ததுபோல் வேதத்தில் இடையிடையே வைக்கப்பட்டிருக்கின்றன, வாசிப்பவன் அங்கே தடுக்கி நின்று ஆழமான பொருளைத் தேடவேண்டும் என்பதற்காகவே அப்படி என்பது அவர் கட்சி.

சீர்திருத்தக் காலத்துக்கு வந்தால் கால்வின். மத்தேயு 27:9 முப்பது வெள்ளிக்காசு தீர்க்கதரிசனத்தை எரேமியாவின் பெயரில் சொல்கிறது. அந்த முப்பது வெள்ளிக்காசு வருவதோ சகரியா 11:12-13-இல். எரேமியாவின் பெயர் இங்கே எப்படி நுழைந்தது என்று எனக்குத் தெரியாது, அதைப் பற்றி நான் பெரிதாக அலட்டிக்கொள்ளவும் இல்லை, சகரியா என்று இருக்க வேண்டிய இடத்தில் தவறாகப் போடப்பட்டிருக்கிறது என்று விளக்கவுரையில் எழுதிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறார் மனிதர்.

அந்த நிம்மதி பிறகு போய்விட்டது. 17ஆம் நூற்றாண்டில் தத்துவஞானி ஸ்பினோசா தொடங்கி, ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களின் மூலநூல் ஆய்வு, நிலவியல், டார்வின் என்று அடுக்கடுக்காக வந்த நெருக்கடிக்குப் பதிலாக, 1881-இல் பிரின்ஸ்டன் இறையியலாளர்கள் ஏ. ஏ. ஹாட்ஜும் பி. பி. வார்ஃபீல்டும் ஒரு கட்டுரை எழுதினார்கள். மூலப் பிரதியில் பிழை இல்லை என்ற வாதம் இன்றைய கட்டுக்கோப்பான வடிவத்தை அடைந்தது அதில்தான். நம்பிக்கை பழையது, அதைச் சுற்றிக் கட்டிய மதில் புதிது.

ஆயிரம் முரண்பாடுகள் என்று பட்டியல் போடுகிறார்களே, அவற்றை நம்பலாமா?

பெரும்பாலும் பதர். எரிகோவில் ஒரு குருடனா (மாற்கு 10:46), இரண்டு குருடரா (மத்தேயு 20:30) என்பது போன்றவை பாதிப் பட்டியலை நிரப்பிவிடும். ஒருவனைப் பற்றி மட்டும் பேசுகிறவர் இன்னொருவன் இல்லை என்று சொல்லவில்லை. சங்கீதக்காரன் வேதனையில் சொல்வதையும், பிரசங்கி சலிப்பில் சொல்வதையும், யோபுவின் நண்பர்கள் உளறுவதையும் சட்டப் பிரிவுகளைப் போல எதிரெதிரே நிறுத்துவது இன்னொரு பாதி.

நீதிமொழிகள் 26:4-ஐயும் 26:5-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். மூடனுக்கு அவன் மதியீனத்துக்கு ஏற்பப் பதில் சொல்லாதே என்கிறது ஒன்று. சொல் என்கிறது அடுத்தது. பட்டியல்காரர் இதைக் கண்டுபிடித்துவிட்டதாகக் குதிக்கிறார். அடுத்தடுத்த வரிகளில் இரண்டையும் வைத்த தொகுப்பாளருக்கு இது தெரியாமல் போயிருக்குமா? சில மூடரிடம் வாயை மூடிக்கொள்ள வேண்டும், சிலரிடம் வாயைத் திறந்தே ஆகவேண்டும். வாழ்ந்து பார்த்தவனுக்கு இதில் முரண்பாடு தெரியாது.

எண்ணிக்கையைக் கொண்டு மலைக்க வைப்பது மேடைத் தந்திரம். ஆயிரம் வேண்டாம், கனமானவை நாலைந்து போதும்.

அந்த நாலைந்து எவை?

என் தேர்வில் முதலாவது தாவீது மக்களைத் தொகையிட்ட சம்பவம். 2 சாமுவேல் 24, 1 நாளாகமம் 21 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க அரைமணி நேரம் ஆகும். எந்த விவாத மேடையிலும் கிடைக்காத தெளிவு அதில் கிடைக்கும்.

சாமுவேலில் கர்த்தருடைய கோபம் இஸ்ரவேலின்மேல் மூண்டு, தாவீதை ஏவிவிடுகிறது. நாளாகமத்தில் ஏவிவிடுவது சாத்தான். சாமுவேலில் பட்டயம் எடுப்போர் இஸ்ரவேலில் 8 லட்சம், யூதாவில் 5 லட்சம். நாளாகமத்தில் 11 லட்சமும் 4 லட்சத்து 70 ஆயிரமும். தண்டனையாக வரவிருந்த பஞ்சம் அங்கே ஏழு வருஷம், இங்கே மூன்று. பலிபீடம் கட்டத் தாவீது வாங்கிய போரடிக்கும் களத்தின் சொந்தக்காரன் பெயர் அங்கே அர்வனா, இங்கே ஒர்னான். விலை அங்கே ஐம்பது வெள்ளிச் சேக்கல், இங்கே அறுநூறு பொற்சேக்கல்.

விளக்கங்கள் உண்டு. சாத்தான் செய்ததைக் கர்த்தர் அனுமதித்தார், யோபுவின் கதையில் நடந்ததுபோல. ஐம்பது வெள்ளி களத்துக்கும் மாடுகளுக்கும், அறுநூறு பொன் முழு நிலத்துக்கும். யூத ரபிமார் இன்னும் சாமர்த்தியசாலிகள்: பன்னிரண்டு கோத்திரத்திடமும் ஐம்பது ஐம்பதாக வசூலித்தால் அறுநூறு! ஒவ்வொரு விளக்கமும் தனியாகப் பார்த்தால் ஒருவாறு நிற்கும். ஒரே அத்தியாயத்துக்கு இத்தனை முட்டு தேவைப்படும்போதுதான் சந்தேகம் வருகிறது.

என்ன நடந்திருக்கும் என்பது பெரிய மர்மம் இல்லை. நாளாகமம் பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு எழுதப்பட்டது. சாமுவேல், இராஜாக்கள் நூல்களை மூலமாக வைத்துக்கொண்டு, தன் தலைமுறைக்காக அதன் ஆசிரியர் திரும்ப எழுதுகிறார். கர்த்தர் தாமே ஒருவனைப் பாவத்துக்கு ஏவிவிட்டார் என்பது அவர் காலத்தவருக்குச் சங்கடம். எதிராளியாகிய சாத்தான் அதற்குள் மேடைக்கு வந்துவிட்டான். அந்தக் களம் ஆலயம் எழும்பப்போகிற இடம் என்பதால் அதன் விலையும் பெருமையும் உயர்கின்றன. இது கைதவறு இல்லை. தெரிந்தே செய்த மறுவாசிப்பு.

சுவிசேஷங்களிலும் அப்படி உண்டா?

இயேசு மரித்த நாளும் நேரமும். மாற்கு 14:12-இன்படி கடைசி இராப்போஜனம் பஸ்கா என்ற யூதப் பண்டிகையின் விருந்து. யோவான் 18:28-இலோ, மறுநாள் காலையில்கூட ஆசாரியர்கள் இன்னும் பஸ்காவைப் புசிக்கவில்லை. தீட்டுப்படாமலிருக்க பிலாத்துவின் அரண்மனைக்கு வெளியிலேயே நிற்கிறார்கள். மாற்கு 15:25-இல் மூன்றாம் மணி வேளையில், அதாவது காலை ஒன்பதுக்கு, சிலுவையில் அறைந்துவிட்டார்கள். யோவான் 19:14-இல் ஏறக்குறைய ஆறாம் மணி வேளை ஆகியும் பிலாத்து இன்னும் தீர்ப்பே சொல்லவில்லை.

யோவான் ரோமர் வழக்கப்படி நள்ளிரவிலிருந்து மணி எண்ணினார் என்பார்கள். ரோமர் நாளின் தொடக்கத்தை நள்ளிரவில் வைத்தது உண்மைதான். பகல் மணியை அவர்களும் சூரிய உதயத்திலிருந்தே எண்ணினார்கள். அவர்களுடைய நிழற்கடிகாரங்களில் ஆறு என்பது நண்பகல். இந்த விளக்கம் தேறாது.

யோவானின் கணக்கில் பஸ்கா ஆட்டுக்குட்டிகள் அடிக்கப்படும் நாளில் இயேசு மரிக்கிறார். 'தேவ ஆட்டுக்குட்டி' என்று முதல் அதிகாரத்திலேயே அவரை அறிமுகப்படுத்தியவர் யோவான்தான். நாட்குறிப்பு எழுதுவதைவிட அவருக்கு வேறு வேலை இருந்தது.

யூதாஸ் எப்படிச் செத்தான்?

மத்தேயு 27:5-இல் நான்றுகொண்டு செத்தான். அப்போஸ்தலர் 1:18-இல் தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துக் குடல் சரிந்தது. கயிறு அறுந்து விழுந்தான் என்று இரண்டையும் ஒட்டவைப்பது வழக்கமான பதில். சாவை ஒட்டவைக்கலாம். நிலத்தை? மத்தேயுவில் அவன் இயேசுவைக் காட்டிக்கொடுத்துப் பெற்ற காசை ஆலயத்தில் எறிந்துவிட்டுப் போகிறான், பிரதான ஆசாரியர்கள் அதைக்கொண்டு நிலம் வாங்குகிறார்கள். அப்போஸ்தலரில் அவனே வாங்குகிறான். இரத்தநிலம் என்று பெயர் வந்ததற்கு மத்தேயு சொல்லும் காரணம் இரத்தக்கிரயம். அப்போஸ்தலர் சொல்வது அவன் அங்கே விழுந்து செத்த செய்தி. ஒரே ஊரில் உலவிய இரண்டு கதைகள் இவை என்பது எனக்கு இயல்பாகப் படுகிறது.

உயிர்த்தெழுதலைப் பற்றி நான்கு பேரும் நான்கு விதமாகச் சொல்கிறார்களே?

கல்லறைக்குப் போன பெண்கள் யார் யார், அங்கே இருந்தது ஒரு தூதனா இரண்டு தூதரா என்பதில் நான் நேரம் செலவிடமாட்டேன். உண்மையான சாட்சிகள் சில்லறைத் தகவலில் வேறுபடுவார்கள், வரிக்கு வரி ஒத்துப்போனால்தான் கூடிப் பேசிவைத்தார்கள் என்று சந்தேகிக்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது.

நெருடுவது இடம். மத்தேயு 28-இல் சீஷர்கள் கலிலேயாவுக்குப் போகும்படி சொல்லப்பட்டு, அங்கே மலையில் அவரைக் காண்கிறார்கள். லூக்கா 24-இல் எல்லாம் எருசலேமிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நடக்கிறது. உன்னதத்திலிருந்து வரும் பெலனால் தரிப்பிக்கப்படும்வரை நகரத்தை விட்டுப் போகாதீர்கள் என்று கட்டளை வருகிறது (24:49). மாற்கின் மிகப் பழைய ஏடுகளான சினாய், வத்திக்கான் பிரதிகள் 16:8-உடன் முடிகின்றன: பெண்கள் பயந்து ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் ஓடிவிடுகிறார்கள்.

இதிலிருந்து உயிர்த்தெழுதலே நடக்கவில்லை என்று தாவுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேறுபாடான சாட்சியம் தகவல்களைப் பலவீனமாக்கும். சம்பவமே பொய் என்று அதனால் மட்டும் ஆகிவிடாது. நடந்தது என்று நிறுவவும் அது போதாது. அந்தக் கேள்வியை வேறு தளத்தில்தான் பேசவேண்டும்.

மத்தேயு, லூக்கா வம்சவரலாறுகள்?

யோசேப்பின் தகப்பன் மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. லூக்கா கொடுப்பது மரியாளின் வம்சம் என்பது பிரபலமான விளக்கம். வசனத்தில் மரியாள் பெயரே இல்லை. பதினாலு பதினாலு தலைமுறை என்ற கணக்குக்காக மத்தேயு மூன்று ராஜாக்களை விட்டுவிட்டார் என்பதை 1 நாளாகமம் 3-ஐப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். விட்டுப்போனவர்களில் நம் அகசியாவும் ஒருவன்.

'பிரதி எடுத்தவர் தவறு' என்பது சப்பைக்கட்டுதானே?

எல்லா இடத்திலும் இல்லை. சவுல் ராஜாவானபோது அவனுக்கு எத்தனை வயது என்று சொல்லவேண்டிய இடத்தில் (1 சாமுவேல் 13:1) எபிரெய ஏட்டில் எண்ணே விழுந்துபோயிருக்கிறது. எழுதியிருக்கிறபடி படித்தால் அவனுக்கு ஒரு வயது. கோலியாத்தின் உயரம் நமக்குத் தெரிந்தபடி ஆறு முழமும் ஒரு சாணும். சாக்கடல் அருகே கும்ரானில் கிடைத்த சாமுவேல் சுருளில் நான்கு முழமும் ஒரு சாணும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அதே நான்கு. மூன்று மீட்டர் அரக்கன் இரண்டு மீட்டர் மனிதனாகிவிடுகிறான்! ஏடுகளில் எண்கள் மாறின என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டாம்.

ஆனால் ஏட்டுச் சான்று இருக்கும் இடத்தில் அப்படிச் சொல்வது ஆய்வு. எந்த ஏட்டிலும் வேறு வாசிப்பு இல்லாதபோது, சங்கடத்தைத் தவிர வேறு காரணமின்றி அப்படிச் சொல்வது சப்பைக்கட்டு.

முயன்றால் எதையும் பொருத்திவிடலாம் அல்லவா?

பொருத்தலாம். விலையைத்தான் பார்க்கவேண்டும். இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்த இடங்களும் கேட்ட ஆட்களும் சேவல் கூவிய தடவைகளும் நான்கு சுவிசேஷங்களிலும் ஒத்துவரவில்லை என்பதற்காக, பேதுரு ஆறு தடவை மறுதலித்தான் என்று 1976-இல் எழுதினார் பிழையின்மையை ஆதரித்த ஹெரால்ட் லிண்ட்செல். மூன்று என்று நான்கு பேரும் ஒருமித்துச் சொன்ன ஒரே விஷயத்தை, அவர்களைக் காப்பாற்றுவதற்காகவே கைவிட்டுவிட்டார்!

ஒரு விளக்கத்தை எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. இதே விளக்கத்தை இன்னொரு மதத்தின் நூலுக்கு அதன் பக்தர் சொன்னால் ஏற்றுக்கொள்வேனா? மாட்டேன் என்றால் இங்கேயும் அது செல்லாது. எதிர்த்தரப்புக்கும் இதே விதிதான். இன்றைய சரித்திர ஆசிரியர்கள் பழங்கால வரலாறு எழுதிய ஜொசீபஸிடமோ தாசித்தஸிடமோ முரண்பாடு கண்டால் நூலைத் தூக்கி எறிவதில்லை. சுவிசேஷத்தை மட்டும் ஏன் எறியவேண்டும்?

ஒரு பிழை இருந்தால் மொத்த வேதாகமமும் பொய் என்றாகாதா?

இதை விசுவாசியும் சொல்கிறார், நாத்திகரும் சொல்கிறார். இரண்டு பேரும் கைகோத்துக்கொள்ளும் ஒரே இடம் இது. இரண்டு பேருமே தவறு.

வேதாகமம் பல நூற்றாண்டுகளில், பல கைகளால் எழுதப்பட்ட நூல்களின் தொகுப்பு. அகசியாவின் வயது தவறு என்பதால் மலைப்பிரசங்கம் தவறாகிவிடாது. எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்தது சரி என்பதால் செங்கடல் பிளந்தது சரியென்றும் ஆகிவிடாது.

இந்த எல்லாம்-அல்லது-ஒன்றுமில்லை வாதம் சபைக்குத்தான் அதிகக் கேடு செய்கிறது. விசுவாசத்தை விட்ட புதிய ஏற்பாட்டு அறிஞர் பார்ட் எர்மானை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். மாற்கு 2:26-இல், தாவீது பரிசுத்த அப்பம் சாப்பிட்டது அபியத்தார் பிரதான ஆசாரியனாயிருந்த காலத்தில் என்று வருகிறது. 1 சாமுவேல் 21-இன்படி தாவீதுக்கு அப்பம் கொடுத்தது அகிமெலேக்கு. இதைச் சரிக்கட்டி மாணவராக அவர் நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். மாற்கு ஒருவேளை சும்மா தவறாக எழுதியிருக்கலாமே என்று பேராசிரியர் ஓரத்தில் குறித்தாராம். அந்த ஒரு வரி தன் பழைய கட்டுமானத்தை ஆட்டிவிட்டது என்று எர்மான் சொல்கிறார். பலர் மறந்துவிடுவது இதுதான்: முரண்பாடுகளால் அவர் விசுவாசத்தை விடவில்லை. பல வருஷம் கிறிஸ்தவராகவே தொடர்ந்தார். அவரை வெளியே கொண்டுபோனது உலகத்தின் துன்பம் பற்றிய கேள்வி என்று அவரே எழுதியிருக்கிறார்.

'வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது' என்று வேதமே சொல்கிறதே?

2 தீமோத்தேயு 3:16. வேதம் தன்னைப் பற்றித் தானே சொல்வதை ஆதாரமாக வைப்பது சுற்றுவாதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த வசனம் எழுதப்பட்டபோது புதிய ஏற்பாடு என்ற தொகுப்பு இல்லை. அருளப்பட்டது என்றபின் அது தரும் பயன்கள் உபதேசம், கடிந்துகொள்ளுதல், சீர்திருத்தல், நீதியைப் படிப்பித்தல். ராஜாக்களின் வயதுக் கணக்கைப் பற்றி அங்கே பேச்சில்லை.

பிழையின்மையை மறுத்தால் என்ன ஆகும்?

வேலை போகலாம். இறையியல் பேராசிரியர் சார்ல்ஸ் பிரிக்ஸ் 1893-இல் அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபையின் குருத்துவத்திலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். மத்தேயு சில சம்பவங்களை யூத மரபுப்படி விரித்து எழுதினார் என்று சொன்ன ராபர்ட் கண்ட்ரியை 1983-இல் இவாஞ்சலிக்கல் இறையியல் சங்கம் வாக்கெடுத்து விலகச் சொன்னது. இயேசு மரித்தபோது கல்லறைகள் திறந்து பரிசுத்தவான்கள் எழுந்தார்கள் என்ற மத்தேயு 27:52-53 கவித்துவமாக இருக்கலாம் என்று எழுதிய மைக்கேல் லைக்கோனா மீது 2011-இல் கண்டனம் பாய்ந்தது. இவர்களில் கண்ட்ரியும் லைக்கோனாவும் பிழையின்மையை ஏற்பதாகவே சொன்னவர்கள், லைக்கோனா உயிர்த்தெழுதலுக்காக மேடையேறி வாதாடுபவர்! கோட்பாட்டுக்கு விளக்கம் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் பல சமயம் உண்மையான சண்டை.

வேதாகமத்தைத் தொகுத்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாதா?

தெரியும். எனக்கு இந்த விவாதம் முழுவதிலும் முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான்.

எசேக்கியேல் புத்தகம் மோசேயின் பிரமாணத்தோடு முரண்படுகிறது என்று அதை ஒதுக்கிவைக்கவே இருந்தார்கள். அனனியா பென் எசேக்கியா என்ற ரபி முந்நூறு ஜாடி எண்ணெயை மேலறைக்கு ஏற்றி, விளக்கெரித்து உட்கார்ந்து அவற்றை இசைவாக்கினார் என்கிறது யூத ரபிமாரின் போதனைத் தொகுப்பான தல்மூத். முந்நூறு ஜாடி எண்ணெய் எரிந்த அளவுக்கு முரண்பாடு அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. அப்படியும் புத்தகத்தைத் திருத்தவில்லை, வைத்துக்கொண்டார்கள்.

சுவிசேஷங்களின் கதையும் இதுவே. 170ஆம் ஆண்டு வாக்கில் தாசியன் நான்கையும் வெட்டி ஒட்டி, முரண்பாடு இல்லாத ஒரே தொடர்கதை ஆக்கினார். தியாத்தெசரோன் என்ற அந்த நூல் சிரியச் சபைகளில் ஐந்தாம் நூற்றாண்டுவரை ஆராதனையில் வாசிக்கப்பட்டது. பிறகு தியோடொரெட் என்ற ஆயர் தன் மறைமாவட்டத்தில் மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட பிரதிகளைத் திரட்டி அகற்றிவிட்டு, நான்கு சுவிசேஷங்களைத் திரும்ப வைத்தார். ஒட்டுப்போடாத நான்கு குரல்களையே சபை தேர்ந்துகொண்டது.

பிழையே இல்லை என்று சாதிப்பவரும் பிழையைக் காட்டி மடக்குபவரும் இந்த நூலிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: நீ ஒரே குரலில் பேசுகிறாயா? தொகுத்தவர்கள் அதை ஒரு நிபந்தனையாக வைக்கவே இல்லை.

மேடை விவாதத்துக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

போவதற்கு முன் எதிராளியிடம் ஒன்றைக் கேளுங்கள்: என்ன காட்டினால் பிழை என்று ஒப்புக்கொள்வீர்கள்? பதில் இல்லையென்றால் அவருக்கு முயலுக்கு மூன்றே கால், போகவேண்டாம். நீங்கள் விசுவாசியென்றால் அதே கேள்விக்கு உங்களிடமும் பதில் இருக்கவேண்டும்.

1854 ஏப்ரலில் ஆக்ராவில் மிஷனரி ஃபாண்டருக்கும் மௌலானா ரஹ்மத்துல்லா கைரானவிக்கும் நடந்த விவாதத்தைப் பாருங்கள். கைரானவிக்குத் துணையாக இருந்த டாக்டர் வசீர் கான் ஐரோப்பிய வேத ஆய்வுகளைப் படித்துவைத்திருந்தார். ஏட்டுக்கு ஏடு வாசகம் மாறும் பாடபேதங்கள் உண்டு என்று ஃபாண்டர் ஒப்புக்கொண்டார். அதனால் உபதேசம் கெடவில்லை என்றார். ஒப்புக்கொண்டதே தோல்வி என்றது மறுதரப்பு. எது நடந்தால் யார் வென்றதாக அர்த்தம் என்பது முடிவாகாமலே இரண்டு நாளில் விவாதம் நின்றுபோனது. இரண்டு தரப்பும் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டது.

வாலிபர் வகுப்பில் ஒரு பையன் அகசியாவின் வயதைக் கேட்டுவிட்டான். என்ன சொல்வது?

'விசுவாசக் குறைவு' என்று அவன் வாயை அடைக்காதீர்கள். மற்றவர்களுக்கு முன்னால் இரண்டு வசனங்களையும் அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். இது முரண்பாடுதான், ஏடு எடுத்தபோது நேர்ந்ததாக இருக்கலாம், சில புதிய மொழிபெயர்ப்புகள் நாளாகமத்திலும் 22 என்றே அச்சிட்டு அடிக்குறிப்பு போட்டிருக்கின்றன என்று சொல்லிவிடுங்கள். அடுத்த வாரத்துக்கு 2 சாமுவேல் 24-ஐயும் 1 நாளாகமம் 21-ஐயும் ஒரே தாளில் இரண்டு பத்தியாக அச்செடுத்து வகுப்புக்குக் கொடுங்கள். வித்தியாசங்களை அவர்களே அடிக்கோடிடட்டும். நாளாகமக்காரர் ஏன் மாற்றினார் என்பதை அப்புறம் பேசலாம்.